மிஷினுக்கு வைத்த பொட்டு

அடுத்த வாரம் வேலையில் சேரப்போகும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி மேலாளர் கேட்டார். இப்படி எழுதித் தருகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெறும் வயதில் இருப்பார்கள். எனக்கு முப்பத்து மூன்றுதான் ஆகிறது. விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்பது வருடம் மாடி மாடியாக ஏறிக் காற்றை அளந்தாயிற்று. இனி ஆய்வகத்தின் எடை போடும் அறையிலேயே உட்காரப் போகிறேன். இது சரியான முடிவுதானா என்று நேற்று வரைக்கும் கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். "நீயே நாலு தடவ முடிவு பண்ணிட்ட. அஞ்சாவது தடவ என்னக் கேக்காத" என்று சொல்லிவிட்டார்.

கருவியை எப்படி நிறுத்துவது, அதில் தூசி பிடிக்கும் தாளை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. ஒரு கேள்வியைக் கேட்க வேண்டிய நேரத்தில் நான் கேட்காமல் விட்டதைப் பற்றி எழுதுகிறேன். கேட்டிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கேட்காததால் ஓர் ஊரே என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டது.

கம்மாபுரத்துக்கு அப்பால் ஓர் ஊர். பெயர் வேண்டாம். வயல்கள் முடியும் இடத்தில் ஒரு தனியார் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அதை ஒட்டிச் சாம்பல் குளம். நிலையத்தார் இன்னொரு அலகு கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. நிலையத்தின் அறிக்கையை ஊர்க்காரர்கள் நம்பவில்லை. தங்கள் பக்கத்துக் காற்றைத் தாங்களே அளந்து பார்க்கச் சங்கம் வைத்து நம் ஆய்வகத்துக்கு வந்தார்கள்.

அவர்கள் கேட்டது பெரிய விஷயமில்லை. ஊர்ப்பக்கம் ஒரு நிரந்தரக் கருவி வைத்து அன்றாட அளவை எல்லோருக்கும் தெரியும்படி பலகையில் காட்ட வேண்டும். சாம்பல் குளத்தைக் காயவிடக் கூடாது. இந்த இரண்டும் புது அலகுக்கான நிபந்தனையாக எழுத்தில் வர வேண்டும். அதற்கு அவர்கள் கையில், காற்றிலுள்ள தூசிக்கு அரசு வைத்திருக்கும் வரம்பைத் தாண்டிய ஓர் எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூட்டத்தில் சொல்லப்படும் நூறு குறைகளில் இதுவும் ஒன்றாகிப் போய்விடும்.

புதன் காலை தொடங்கி சனி காலை வரை, மூன்று நாள் அளப்பதாக ஏற்பாடு. ராசாத்தி அக்காவின் மொட்டை மாடி வாகாக இருந்தது. பக்கத்தில் மரமில்லை, விறகடுப்பு இல்லை, சாலை தள்ளியிருந்தது. அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய கணவர் அந்த நிலையத்திலேயே ஒப்பந்தத் தொழிலாளி. "அவரு அங்க வேலைக்குப் போவாரு, நான் இங்க மிஷினுக்கு எடம் குடுப்பேன். ஊட்டுக்குள்ளயே ரெண்டு கட்சி" என்று சிரித்தார்.

முதல் நாள் கருவியை ஓடவிட்டுவிட்டு இறங்கப் போகும்போதே மாடியில் விவாதம் ஆரம்பித்துவிட்டது. ஒரு பக்கம் தனவேல் அண்ணன். சங்கச் செயலாளர், மணிலாக் கடலை பயிர் வைக்கிறவர். இன்னொரு பக்கம் நிவேதா. சங்கத்துக்கு உதவச் சென்னையிலிருந்து வந்திருந்த இளம்பெண், பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும் ஒரு குழுவைச் சேர்ந்தவள்.

"அண்ணா, கூட்டத்துல முதல்ல பருவநிலை பத்தித்தான் பேசணும். புது யூனிட் வந்தா இன்னும் எத்தனை வருஷம் கரி எரிப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. மழை தவறிப் போறதும், வந்தா ஒரே நாள்ல கொட்டுறதும் நீங்களே பாக்குறீங்கல்ல?"

"பாக்கறேம்மா. வெதச்சி மொளச்ச மணிலா தண்ணில அழுவிப்போனத என்ன வுட நீயா பாத்த? ஆனா மைக்கப் புடிச்சிக்கினு ஒலகம் சூடாவுதுன்னு சொன்னா அந்த பிளாண்டு ஆபீசரு என்னா சொல்வாரு தெரியுமா? 'புது யூனிட்டுல கரி கம்மியா எரியும், கரண்டு அதே வரும், ஒலகத்துக்கு நல்லது'ன்னுவாரு. போன தடவயே சொன்னாரு. எங்க கொடில காயற துணில வுழுற சாம்பலப் பத்தி வாயே தொறக்கல."

"ரெண்டும் அதே புகைதானே அண்ணா?"

"புகை ஒண்ணுதாம்மா. அவங்க பதிலு ஒண்ணு இல்லியே."

டீ எடுத்து வந்த ராசாத்தி அக்கா நடுவில் வந்து நின்றார். "ஒரே புகைன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கினீங்கல்ல? அப்பறம் எதுக்கு மாடி இடியற மாரி சண்ட? தோ பாரு நிவேதா, பிளாண்ட்ட மூடணும்னு மட்டும் மைக்குல சொல்லிப்புடாத. எங்க ஊட்டுக்காரரு சம்பளத்துல போட்ட டீ இது."

"அப்போ டீ நல்லா இருக்குன்னு சொல்லிட்டுக் குடிச்சிடுறேன் அக்கா" என்றாள் நிவேதா. தனவேல் அண்ணனும் சிரித்துவிட்டார்.

அளக்க வந்தவள் வாதத்தில் சேரக் கூடாது என்பது விதி. ஆனால் இருவரும் சொன்னது சரி என்றுதான் எனக்குப் பட்டது. பூமியைச் சூடாக்கும் வாயு நம் தாளில் ஒட்டாது. நம் தாளில் ஒட்டுவது தூசி மட்டும்தான். ஒரே புகைபோக்கியிலிருந்து வந்தாலும் அவை இரண்டு தனிக் கேள்விகள். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எதிரே இருப்பவர் தனக்கு வசதியானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். தூசியைக் கேட்டால் கரியமில வாயுவைப் பற்றிப் பதில் வரும். கரியமில வாயுவைக் கேட்டால் வேலைவாய்ப்பைப் பற்றி வரும். இதை நான் எத்தனையோ கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

வாயால் வாதத்தில் சேரவில்லையே தவிர, மனத்தால் சேர்ந்திருந்தேன். அதற்குக் காரணம் என் மகள்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. மாதம் ஒரு முறையாவது இளைப்பு வரும். என் கணவர் பீங்கான் தொழிற்சாலையில் அச்சு வார்க்கும் பிரிவில் வேலை செய்கிறார். சட்டையில் வெள்ளைக் களிமண் படிந்துதான் வீடு திரும்புவார். எங்கள் தெரு முனையிலும் ஒரு சூளை உண்டு. "வீட்டுல தூசி இருக்குதாம்மா?" என்று மருத்துவர் கேட்ட நாளிலிருந்து அவர் சட்டைகளைத் தனியாகத் துவைத்தேன். குளித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்றேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் அப்படியே செய்தார். அவள் ஓடிவந்து கையை நீட்டும்போது அவர் பின்னால் நகர்வதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். பிள்ளையின் மூச்சைக் கெடுப்பது எங்களுக்குச் சோறு போடும் களிமண்ணாக இருக்கக் கூடாது, தூரத்துப் புகைபோக்கியாக இருந்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. அந்தத் தாள் நன்றாகக் கறுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த மாடியில் ஏறி இறங்கினேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தாளை மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் மாற்றப் போனபோது கருவியின் நெற்றியில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமப் பொட்டு இட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அறிக்கைக்குப் புகைப்படம் எடுக்க வேண்டுமே என்று கைக்குட்டையால் பொட்டைத் துடைத்தேன். படம் எடுத்தேன். தாளை மாற்றினேன். 'கருவியைச் சுற்றி நடந்தவை' என்ற கட்டத்தில் 'குறிப்பிடும்படி ஏதுமில்லை' என்று எழுதிவிட்டு இறங்கினேன். ராசாத்தி அக்கா கீழே வாசலில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

நம் ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும், அழுக்கின் மேல் நாம் பொட்டு வைக்க மாட்டோம். வண்டியோ, நிலைப்படியோ, மாவு மில்லோ, முதலில் துடைப்போம். சுற்றிலும் பெருக்குவோம். அதன் பிறகுதான் பொட்டு. மாடியில் நின்றபோது அது எனக்கு ஒரு கணம் தெரிந்தது. அடுத்த கணமே தெரியாததுபோல் ஆகிவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

எடை போட்டுப் பார்த்ததில் புதனும் வியாழனும் வரம்புக்குச் சற்றுக் கீழே நின்றன. வெள்ளிக்கிழமை வரம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குக்குப் போயிருந்தது. மறுபடி எடை போட்டேன், மாறவில்லை. அன்று காற்று அந்தப் பக்கமிருந்து வீசியிருக்கும், சாம்பல் குளம் காய்ந்திருக்கும் என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். வாங்க வந்த தனவேல் அண்ணன் அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் காராபூந்தி கொடுத்தார். "மேடம், நாளான்னிக்கு கூட்டத்துல இந்த ஒரு பக்கம் போதும்" என்றார். அன்று மாலையே ஒரு பிரதி, கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் அதிகாரிக்கும் போய்விட்டது.

புதன்கிழமை, கூட்டத்துக்கு முந்தின நாள், கருவியை நிறுத்தியிருந்த மரத்தாங்கியை மாடியில் விட்டு வந்திருந்தேன், அதை எடுக்கப் போனேன். ராசாத்தி அக்கா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"வா கண்ணு! நம்ம மிஷினு நல்லா வேல செஞ்சிதாமே! தனவேலு சொன்னாரு. எனக்கு அப்பவே தெரியும். வெள்ளிக்கெழம காலீல மேல போயி பாக்கறேன், ஊருக்காக ரவ்வும் பகலுமா ஓடுது பாவம், ஒடம்பெல்லாம் தூசி. மாடி பூராவும் பெருக்கி, துணியால அந்தத் தலய நல்லா தட்டித் தொடச்சி, பொட்டு வெச்சி, சூடம் காட்டி கும்புட்டேன். கண்ண தொறந்துட்டாரு கடவுளு!"

மாடி முழுவதும் உலர்ந்த தொடப்பம். ஓடிக்கொண்டிருந்த கருவியின் தலையில் துணியால் தட்டல். போதாததற்குச் சூடப் புகை. கிளம்பிய தூசியெல்லாம் தாளில்தான் போய் ஒட்டியிருக்கும். தாங்கியை எடுக்க மறந்து வண்டியைக் கிளப்பினேன்.

நேரே போய் மேலாளரிடம் சொன்னேன்.

"விஜி, நாம பிளாண்ட் வேலையும் அப்பப்ப செய்யறோம். இது ஊருக்கே தெரியும். கூட்டத்துக்கு மொத நாளு நம்பரத் திரும்ப எடுத்தா, பிளாண்டு நம்மள வாங்கிடுச்சுன்னுதான் சொல்வாங்க."

"எடுக்கலன்னா சார்?"

"அந்தம்மா பெருமையா ஊரு பூரா சொல்லிக்கினு இருப்பாங்க. பிளாண்டு ஆளு ஒருத்தன் காதுல வுழுந்தா போதும். அந்த ஒரு நாளு மட்டும் இல்ல, மூணு நாளும் குப்பைக்குப் போயிடும். இனிமே அந்த ஊரு எந்தக் கணக்கக் கொண்டாந்தாலும் சிரிப்பாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "கையெழுத்து உன்னோடது. நீ சொல்லு."

அவர் முடிவெடுத்திருக்கலாமே என்று அன்று கோபம் வந்தது. இப்போது வரவில்லை. கையெழுத்துப் போட்டவளைத்தானே கேட்பார்கள்.

முதலில் அதிகாரிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன். அந்த எண்ணை நம்பிப் பேசப் போகிறவருக்குக் கூட்டத்தில் வைத்துத் தெரியவரக் கூடாது என்று தோன்றியது. இதில் நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். திரும்பவும் ஊருக்குப் போனேன்.

தனவேல் அண்ணன் வீட்டுக் கூடத்தில் அந்த ஒரு பக்கத்தின் பிரதிகள் கட்டுக்கட்டாக இருந்தன. நிவேதா அவற்றை மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"யாரு போன் பண்ணது ஒனக்கு?" என்றார் தனவேல் அண்ணன். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர்.

"யாரும் பண்ணலண்ணா. தப்பு என்னோடது. பொட்ட பாத்தேன். கேக்கல."

"செவ்வாக்கெழம தப்பு தெரில. வெள்ளிக்கெழம தெரில. கூட்டத்துக்கு மொத நாளு தெரியுதா? நல்ல கதையா இருக்குதே! ரெண்டு நாளு கணக்க மட்டும் வெச்சிக்கினு நான் என்னா பேசறது? காத்து நல்லாத்தாங்க இருக்குதுன்னா?"

நிவேதா மடிப்பதை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள். "இவங்க சொல்லாம இருந்து, நாளைக்கு அவங்களே கண்டுபிடிச்சிருந்தா அண்ணா?"

"நீ சும்மா இரும்மா. நீ நாளைக்கு சாயங்காலம் பஸ்ஸு ஏறிடுவ."

அந்த நேரத்தில் ராசாத்தி அக்காவே உள்ளே வந்தார். நான் தாங்கியை விட்டுப் போனதால் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அவரிடம் யார் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான்தான் சொன்னேன்.

"என் தொடப்பத்தாலயா?" என்று கேட்டார். முகம் சுருங்கிவிட்டது. "நான் நல்லதுக்குத்தானம்மா செஞ்சேன்." தாங்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். தனவேல் அண்ணன் திட்டியதைவிட அது எனக்கு வலித்தது.

மறுநாள் காலை மகளுக்கு இளைப்பு வந்துவிட்டது. ஆவி பிடிக்கும் கருவியை முகத்தில் வைத்தபடி என் மடியில் கிடந்தாள். போகாமலிருக்க இதைவிட நியாயமான காரணம் எதுவுமில்லை. கடிதத்தை மேலாளர் கொடுத்துக்கொள்வார், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் என்ன சொல்ல முடியும்? நான் என்ன நினைக்கிறேன் என்பது கணவருக்குத் தெரிந்துவிட்டது. "நான் லீவு சொல்லிட்டேன்" என்று அவளைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார். "எளப்பு கொறையுது பாரு. நீ போயிட்டு வா. போவலன்னா ஒரு வருஷம் என்னத்தான் கேட்டுக்கினு இருப்ப, போயிருக்கலாமான்னு." அவர் அவளை அணைத்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். ஒரு பாதியில் ஊர்க்காரர்கள். இன்னொரு பாதியில் நிலையத்தின் ஆதரவாளர்கள், அவர்களில் ராசாத்தி அக்காவின் கணவரும் ஒருவர். மேடையில் தலைமை அதிகாரி. தனவேல் அண்ணன் சொன்னது போலவே, நிலையத்தின் அதிகாரி புது அலகு எவ்வளவு குறைவாகக் கரி எரிக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். நிவேதா எழுந்து, குறைவாக எரித்தாலும் பல்லாண்டுகளுக்கு எரிப்பதுதானே என்று கேட்டாள். அதற்கு அந்த அதிகாரி, எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார்.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு மைக்கில் சொன்னேன். வெள்ளிக்கிழமை அளவு செல்லாது, கருவி ஓடும்போது மாடி பெருக்கப்பட்டது, அதைக் கேட்டறிந்து குறிக்காதது என் பிழை. யார் பெருக்கினார்கள் என்று சொல்லவில்லை. பின்னாலிருந்து யாரோ "வெல போயிட்டா!" என்று கத்தினார்கள்.

நிலையத்தின் அதிகாரி சிரித்த முகத்துடன் எழுந்தார். "ஆய்வகமே ஒத்துக்கொண்டுவிட்டது. ஊர்ப்பக்கம் காற்று வரம்புக்குள்தான் இருக்கிறது. இதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்."

நான் அதற்குள் இருக்கையை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தேன். உட்கார்ந்திருந்தால் அந்த வாக்கியம் அப்படியே பதிவாகியிருக்கும். எப்படித் திரும்பினேன் என்று தெரியவில்லை, மைக்கை மறுபடியும் பிடித்தேன். "நான் அப்படிச் சொல்லலைங்க. ரெண்டு நாள் வரம்புக்குக் கொஞ்சம் கீழ இருந்தது. மூணாவது நாள் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். தெரியாதுன்னா கம்மின்னு அர்த்தம் இல்லைங்க. அதையும் சேர்த்து எழுதிக்கணும்."

இந்த வேலையில் நீங்கள் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதானால் இதைச் செய்யுங்கள். செல்லாத எண்ணை நீக்கும்போது நீங்கள் ஒரு பக்கத்துக்கு உதவுவதுபோலத்தான் தெரியும். நீங்கள் இறங்குவதற்குள் அந்தப் பக்கம் அதை எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ள விடாமல் அங்கேயே நின்று முடித்துவிட்டு இறங்குங்கள். தப்பை ஒத்துக்கொண்டவருக்கு மேற்கொண்டு பேச வாய் வராது. எனக்கும் வரவில்லை, எப்படியோ வந்தது.

மண்டபம் இரைந்துகொண்டிருந்தபோது ராசாத்தி அக்கா எழுந்து வந்தார். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தார்.

"பெருக்குனது நாந்தாங்க. அந்தப் பொண்ணு எம் பேர சொல்லல, நானே சொல்றேன். அன்னிக்கி மட்டும் இல்ல, தெனம் பெருக்கறேன். காலீல பெருக்குனா சாயங்காலம் காலு வெச்சா அச்சு தெரியுது. எந்தக் கொல்லையில மண்ணு இப்பிடி சாம்ப நெறத்துல இருக்குது? எங்க ஊட்டுக்காரரு அந்தாண்ட உக்காந்திருக்காரு. அவரு வேல போவணும்னு நான் சொல்லல. பெருக்குனதுதான் குத்தம்னா, இனிமே பெருக்கல. தொடப்பத்த தொட மாட்டேன். நீங்க வேற மிஷினு கொண்டாந்து எம் மாடில வைய்யுங்க. எத்தினி நாளு வேணும்னாலும் வைய்யுங்க. நான் கிட்டவே வரல."

ஆதரவாளர்கள் பக்கமிருந்து யாரோ, "அண்ணே, இனிமே நீதான் பெருக்கணும்" என்று அவர் கணவரைச் சீண்டினார்கள். மண்டபமே சிரித்தது. அவரும் தலையைக் குனிந்து சிரித்தார். தலைமை அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "எவ்வளவு நாள் அப்படி விட்டுவைப்பீங்க?" என்று கேட்டார்.

"நீங்க சொல்ற வரைக்கும் சார்."

அனுமதிக் கோப்பை மேலே அனுப்புவதற்கு முன் அந்த மாடியில் ஒரு மாதம் அளக்க வேண்டும் என்று அவர் அங்கேயே எழுதவைத்தார். வேறு ஆய்வகத்தைக் கொண்டுதான். நம் ஆய்வகம் வேண்டாம் என்று ஊர்க்காரர்களும் நிலையத்தாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். வெளியே வரும்போது தனவேல் அண்ணன் என்னைக் கடந்து போனார், பார்க்கவில்லை.

அந்த ஒரு மாதம் எப்படிப் போனது என்று எழுத ஆசைதான், ஆனால் எழுதினால் புலம்பலாகிவிடும். வரம்பைத் தாண்டாவிட்டால் ஊரின் வழக்கைக் கெடுத்தவள் நான் என்று ஆகும். தாண்ட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாமா? தாண்டினால் ராசாத்தி அக்கா அதைத்தான் சுவாசிக்கிறார் என்று அர்த்தம். பூஜை அறையில் நின்று எதைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பியிருக்கிறேன். நீங்களும் ஏதாவது ஓர் எண்ணுக்கு ஆசைப்படுவீர்கள். ஆசைப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆசைப்பட்ட எண்ணே வந்துவிட்டால் மட்டும், படியிறங்கி, கீரை ஆய்ந்துகொண்டிருப்பவரிடம் போய், "அக்கா, இன்னிக்கு மேல யாராவது வந்தீங்களா?" என்று கேளுங்கள்.

மாதம் முடிந்து சில நாள் கழித்துத் தனவேல் அண்ணன் அழைத்தார். கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் முறை.

"வந்துடுச்சும்மா. தாண்டிடுச்சு. ஒரு நாளு இல்ல, பல நாளு. ரெண்டு கண்டிஷனும் எழுத்துல வந்துடும்னு சொல்றாங்க."

"நல்லதுங்கண்ணா" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் பொருந்தவில்லை என்று பட்டது.

"நானும் அப்பிடித்தான் சொன்னேன், ராசாத்திகிட்ட. சந்தோஷப்படும்னு பாத்தேன். 'அப்ப இத்தினி வருஷமா எம் புள்ளைங்க இதத்தான் மூச்சு வாங்கிக்கினு இருந்திச்சா'ன்னு கேக்குது. நான் என்னாத்த சொல்றது?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இன்னொண்ணும்மா" என்றார். "ஒரு மாசமா மாடிய அப்பிடியே வுட்டு வெச்சிருக்குது. மிஷின எடுத்துக்கினு போயிட்டாங்க. இனிமே பெருக்கலாமான்னு ஒன்னக் கேக்கச் சொல்லுச்சு."

"பெருக்கலாம்ணா" என்றேன். "தண்ணி தெளிச்சிட்டுப் பெருக்கச் சொல்லுங்க. மூக்குல துணி கட்டிக்கச் சொல்லுங்க."